கல்லூரி வைஃபை: போன் சேருகிறது, லேப்டாப் ஏன் சேரவில்லை?

காரைக்குடியில் முதலாமாண்டு பொறியியல் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: வளாக வைஃபையில் போன் சேர்ந்துவிட்டது. லேப்டாப் மட்டும் ‘இந்த நெட்வொர்க்கில் இணைக்க முடியவில்லை’ என்றே சொல்கிறது. ஹாஸ்டல் சீனியர் ஒருவர், "சர்ட்டிஃபிகேட் கேட்கிற இடத்தில் சரிபார்க்க வேண்டாம் என்று போட்டுவிடு, போதும்" என்கிறார். போனில் அப்படித்தான் போட்டேன், சரிதானா? அதோடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிவி ஸ்டிக்கும், ப்ராஜெக்டுக்கு வாங்கிய, வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சின்ன சர்க்யூட் போர்டும் சேர மறுக்கின்றன. என்ன செய்யலாம்?

இந்தப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். புது வருடம் தொடங்கினால் எங்கள் அறை வாசலில் லேப்டாப்பும் கையுமாக வரிசை நிற்கும்; கேட்பதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: சீனியர் சொன்னதைச் செய்யாதீர்கள் தம்பி. போனில் செய்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். லேப்டாப் சேராததற்கும் அதே சர்ட்டிஃபிகேட் விஷயமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டு வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்டு. அப்பா, அம்மா, ஆச்சி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருக்கும் அதுதான். கல்லூரியில் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்தால் அது ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிடும். அதனால் வளாகங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழி இருக்கும். ஒன்று, பாஸ்வேர்டே கேட்காமல் சேர்ந்துவிட்டு, பிறகு பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் திறப்பது. இன்னொன்று, சேரும்போதே யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் கேட்பது. இரண்டாவதற்குத் தொழில்நுட்பப் பெயர் டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ். உள்ளே ஓடுவது 802.1எக்ஸ் என்ற முறை. உங்களிடம் சர்ட்டிஃபிகேட் பற்றிக் கேட்டிருக்கிறது என்பதால் உங்கள் கல்லூரியில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

இதில் கூரையில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு, அதாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்கு, உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. நீங்கள் கொடுப்பதை அது ரேடியஸ் என்ற சர்வருக்குக் கடத்திவிடும். சர்வர் கல்லூரியின் மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டு ‘சரி, உள்ளே விடு’ என்றால்தான் பெட்டி வழிவிடும். பாஸ்வேர்டு வழியில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, முதலில் உங்கள் போனுக்கும் ரேடியஸ் சர்வருக்கும் இடையே பூட்டிய குழாய் ஒன்று போடப்படும். இதைச் செய்யும் முறைகளில் அதிகம் புழங்குவது பிஈஏபி. குழாயின் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே நம் கல்லூரி சர்வர்தானா என்று உங்கள் போன் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதற்குத்தான் சர்ட்டிஃபிகேட். சர்வர் தன்னிடம் உள்ளதைக் காட்டும். போன் அதைச் சரிபார்த்த பிறகே பாஸ்வேர்டுப் பேச்சைத் தொடங்கும்.

‘சரிபார்க்க வேண்டாம்’ என்று போட்டால் என்ன ஆகும்? காக்கிச் சட்டை போட்டு வந்தவரெல்லாம் ஈபி ஆள்தான் என்று வீட்டைத் திறந்துவிடுவது போல ஆகும். யாராவது ஒருவர் காலேஜ் ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் கல்லூரி வைஃபையின் அதே பெயரில் ஒரு போலி நெட்வொர்க்கை லேப்டாப்பில் ஓட்டினால் போதும். நீங்கள் அந்த வழியாக நடந்து போகும்போது, போன் பையில் இருந்தபடியே, உங்களைக் கேட்காமலேயே அதில் சேரப் பார்க்கும். குழாயின் மறுமுனையில் இருப்பவர் திருடன் என்று அதற்குத் தெரியாது.

"பாஸ்வேர்டை நேராக அனுப்பவில்லையே, எம்எஸ்சாப் வி2 என்று ஒரு முறையில் மறைத்துத்தானே அனுப்புகிறது?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அந்த மறைப்பு 2012லேயே கிழிந்துவிட்டது. அந்த ஆண்டு டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், எம்எஸ்சாப் வி2 பரிமாற்றம் ஒன்றைப் பிடித்துவிட்டால் அதை டெஸ் என்ற பழைய பூட்டு முறையின் ஒரே ஒரு சாவியை உடைக்கிற வேலையாகச் சுருக்கிவிடலாம், அதற்குரிய எந்திரம் இருந்தால் ஒரு நாளுக்குள் முடியும் என்று காட்டினார்கள். அதாவது பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் தப்பாது. இன்றைக்கும் கல்லூரிகள் அதே முறையைப் பயன்படுத்துவதற்கு ஒரே தைரியம், வெளியே இருக்கிற பூட்டிய குழாய்தான். சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்காமல் விட்டால் அந்தக் குழாயே இல்லாத மாதிரிதான்.

போனால் என்ன போகும், வைஃபை பாஸ்வேர்டுதானே என்று நினைக்காதீர்கள். நிறையக் கல்லூரிகளில் அதே யூசர்நேமும் பாஸ்வேர்டும்தான் கல்லூரி மெயில், மதிப்பெண் பக்கம், ஃபீஸ் கட்டும் பக்கம் எல்லாவற்றுக்கும்.

சீனியருடைய போனில் அந்த ‘வேண்டாம்’ இருக்கிறது, உங்கள் வகுப்பில் சிலருடைய போனில் இல்லவே இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டில், கூகுள் தன் பிக்சல் போன்களில் அந்த வாய்ப்பை எடுத்துவிட்டது. பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. பழைய போன்களிலும், சில கம்பெனிகளின் போன்களிலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆண்ட்ராய்டில் எப்படிப் போடுவது? வைஃபை பெயரைத் தொட்டதும் விரியும் படிவத்தில் மேலிருந்து கீழாக: ஈஏபி மெத்தட் என்ற இடத்தில் பிஈஏபி. ஃபேஸ் 2 என்ற இடத்தில் எம்எஸ்சாப் வி2. சிஏ சர்ட்டிஃபிகேட் என்ற இடத்தில், கல்லூரி பொதுவான நிறுவனம் ஒன்றிடம் சர்ட்டிஃபிகேட் வாங்கியிருந்தால் ‘சிஸ்டம் சர்ட்டிஃபிகேட்டுகளைப் பயன்படுத்து’. கல்லூரியே சொந்தமாகத் தயாரித்ததென்றால் அவர்கள் தரும் கோப்பை முதலில் போனில் ஏற்றிவிட்டு, அதன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து டொமைன், அதாவது சர்வரின் இணையப் பெயர். இதைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். விட்டால் ‘சேவ்’ பொத்தானே உயிர் பெறாது. அங்கே ரேடியஸ் சர்வரின் பெயரை அல்லது கல்லூரியின் டொமைனை எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதை நெட்வொர்க் பிரிவுதான் சொல்ல வேண்டும், ஊகிக்காதீர்கள். ஐடென்டிட்டி என்பது உங்கள் யூசர்நேம். அனானிமஸ் ஐடென்டிட்டியைக் கல்லூரி ஏதும் சொல்லாவிட்டால் காலியாக விடலாம். கடைசியில் பாஸ்வேர்டு.

ஆண்ட்ராய்டு 13 முதல் சில போன்களில் ‘முதல் முறை நம்பு’ என்ற வகையில் ஒரு வாய்ப்பு இருக்கும். முதலில் பார்க்கும் சர்ட்டிஃபிகேட்டை உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அதையே பிடித்துக்கொள்ளும். கல்லூரி வளாகத்துக்குள் நின்று, காட்டுகிற பெயரைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஐபோனில் படிவம் கிடையாது. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்ததும் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டி ‘ட்ரஸ்ட்’ என்று கேட்கும். எல்லோரும் அதைப் பார்க்காமலேயே அமுக்குகிறார்கள். ஒரு முறை அதில் உள்ள பெயரைப் படித்துவிட்டு அமுக்குங்கள், அவ்வளவுதான். பிறகு என்றைக்காவது அதே வைஃபைக்கு மறுபடி ‘ட்ரஸ்ட்’ கேட்டால், ஒன்று கல்லூரி சர்ட்டிஃபிகேட்டைப் புதுப்பித்திருக்கும், அல்லது நீங்கள் கல்லூரி வைஃபையில் இல்லை. அமுக்குவதற்கு முன் விசாரியுங்கள்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கீழே மூலையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். சிரிக்காதீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்கள் நிறைய வருகின்றன, அண்ணன் அக்கா பயன்படுத்திவிட்டுத் தந்த அரசு இலவச லேப்டாப்கள் உட்பட. சார்ஜ் தீர்ந்து அணைந்து எழுந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். சர்ட்டிஃபிகேட்டுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. லேப்டாப்பின் கணக்கில் அந்தச் சர்ட்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை. பிழைச்செய்தி இதைச் சொல்லாது, ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லும். இணையம் இருந்தால் நேரம் தானாகச் சரியாகும். நேரம் சரியானால்தான் இணையம் வரும். கையால் மாற்றித்தான் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

தேதி சரியென்றால், ஏற்கெனவே சேமித்திருக்கும் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்குங்கள். தப்பாகப் போட்ட பாஸ்வேர்டும் தப்பான அமைப்பும் அதில்தான் தங்கியிருக்கும். மறுபடி சேரும்போது விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும்: இந்த இடத்தில் இந்த நெட்வொர்க்கை எதிர்பார்த்தீர்கள் என்றால் தொடருங்கள், இல்லையென்றால் இது அதே பெயரில் உள்ள வேறொன்றாக இருக்கலாம் என்று. அங்கேயே சர்ட்டிஃபிகேட் விவரத்தைக் காட்டச் சொல்லி ஒரு இணைப்பு இருக்கும். திறந்தால் ஒரு நீண்ட எண் தெரியும், தம்ப்ப்ரின்ட். கல்லூரி அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் ஒப்பிடுங்கள். ஒட்டாத கல்லூரிகள்தான் அதிகம். எங்கள் ஆட்கள் இதில் சோம்பேறிகள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்படியும் சேரவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குப் போய், புதிய இணைப்பைக் கையால் உருவாக்குங்கள். பாதுகாப்பு வகையில் கல்லூரி சொல்லும் என்டர்பிரைஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதன் செக்யூரிட்டி அமைப்பில் அட்வான்ஸ்டு என்பதைத் திறந்து, எந்த வகை அடையாளம் என்ற இடத்தில் ‘யூசர் ஆதென்டிகேஷன்’ மட்டும் இருக்கட்டும். ‘யூசர் அல்லது கம்ப்யூட்டர்’ என்று இருந்தால், நீங்கள் லாகின் செய்வதற்கு முன்பே லேப்டாப் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போய் ரேடியஸ் கதவைத் தட்டும். உங்கள் சொந்த லேப்டாப்பின் பெயர் கல்லூரிப் பட்டியலில் இருக்காது, திருப்பி அனுப்பிவிடும். ‘என் விண்டோஸ் கணக்கையே பயன்படுத்து’ என்று ஒரு டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் கேட்கிறது, நினைவில் வைக்கவே மாட்டேன் என்கிறது என்றால் அது வேறு கதை. விண்டோஸ் 11இன் 22ஹெச்2 பதிப்பு முதல், என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் கிரெடென்ஷியல் கார்டு என்ற பாதுகாப்பு, வன்பொருள் தகுதியாக இருந்தால் தானாகவே இயங்கும். அது எம்எஸ்சாப் வி2 பாஸ்வேர்டைச் சேமிக்க விடாது. ஹோம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. கல்லூரி உரிமத்தில் எஜுகேஷன் பதிப்பு போட்டுக்கொண்டவர்கள்தான் மாட்டுவார்கள். அதே 22ஹெச்2 பதிப்பில், வைஃபை அடையாளப் பேச்சுக்கு, அந்தப் பூட்டிய குழாயைப் போடும் முறையின் புதிய பதிப்பான டிஎல்எஸ் 1.3 இயல்பாக வந்தது. கல்லூரியின் ரேடியஸ் சர்வர் பழசாக இருந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. இதில் உங்கள் கையில் ஒன்றும் இல்லை, சர்வரைப் புதுப்பிக்க வேண்டியது கல்லூரி. புது லேப்டாப் சேரவில்லை, பழைய லேப்டாப் சேருகிறது என்று ஒரே வகுப்பில் பலர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உபுன்டு 22.04இல், அந்தக் குழாயைப் போடும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்பு வந்த பிறகு, பழைய ரேடியஸ் சர்வர்களோடு பேச அது மறுக்கும். அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் அங்கே தேடுங்கள்.

அப்புறம் பாஸ்வேர்டு மாற்றம். கல்லூரிப் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றுவீர்கள். லேப்டாப்பில் புதியதைக் கொடுத்துச் சேர்வீர்கள். பையில் இருக்கும் போன் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் முயலும். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு சர்வர் உங்கள் கணக்கையே பூட்டிவிடும், லேப்டாப்பும் விழும். "சார், காலையில் வேலை செஞ்சுது, மத்தியானம் போச்சு" என்று வருபவர்களில் பாதிப்பேர் கதை இதுதான். பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன்பே எல்லாக் கருவிகளிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள், மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பிரவுசரில் லாகின் பக்கம் வரும் வகைக் கல்லூரிகளில் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் அந்தப் பக்கத்துக்குச் ‘சைபரோம்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. அது அகமதாபாத்தில் தொடங்கிய கம்பெனி, 2014இல் சோஃபோஸ் வாங்கிவிட்டது, பேர் மட்டும் மாணவர்கள் வாயில் மிச்சம். அந்தப் பக்கம் தானாக வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று விபிஎன் ஓடிக்கொண்டிருப்பது. இன்னொன்று ஆண்ட்ராய்டில் ‘ப்ரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் விளம்பரத்தைத் தடுப்பதற்காக ஏதோ ஒரு முகவரியை எழுதி வைத்திருப்பது. அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பூட்டிய பக்கத்தைத் திறந்தால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது, சர்ட்டிஃபிகேட் பிழைதான் காட்டும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று பூட்டில்லாத ஒரு பக்கம் இதற்காகவே இருக்கிறது. அதைத் திறந்தால் லாகின் பக்கம் வந்து நிற்கும்.

சில வளாகங்களில் சர்ட்டிஃபிகேட் என்ற பெயரில் இன்னொன்றையும் ஏற்றச் சொல்வார்கள். முன்னால் சொன்னது வைஃபையில் சேரும்போது சர்வரைச் சரிபார்க்க. இது ஃபயர்வாலின், அதாவது கல்லூரி இணையத்தின் வாசலில் காவல் நிற்கும் கருவியின், சர்ட்டிஃபிகேட்; இதை ஏற்றினால், பிரவுசரில் பூட்டுப் படம் இருந்தாலும் உள்ளே போவதையும் வருவதையும் ஃபயர்வால் பிரித்துப் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஏற்றும்போதே கேட்கும்: இது வைஃபை சர்ட்டிஃபிகேட்டா, சிஏ சர்ட்டிஃபிகேட்டா என்று. வைஃபை என்று ஏற்றினால் அது வைஃபையோடு நின்றுவிடும். சிஏ என்று ஏற்றும்போது போன் பெரிய எச்சரிக்கை காட்டும், அது சும்மா இல்லை. லேப் கம்ப்யூட்டரில் கல்லூரி என்ன வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும். என் சொந்தப் போனில் நான் இரண்டாவது வகையை ஏற்ற மாட்டேன். ஏற்றாமல் ஒன்றும் நடக்காது என்றால் பேங்க் வேலைகளை மொபைல் டேட்டாவில் பார்த்துக்கொள்வேன்.

‘மூன்று கருவிக்கு மேல் அனுமதி இல்லை’ என்பது போன்ற கட்டுப்பாடு உங்கள் கல்லூரியிலும் இருக்கும். இரண்டுதான் வைத்திருக்கிறேன், மூன்றாகக் காட்டுகிறது என்று ஒருவர் சண்டைக்கு வருவார். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஒரு பன்னிரண்டு எழுத்து எண் உண்டு; நெட்வொர்க் அதை வைத்துத்தான் எண்ணுகிறது. ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தயாரித்துக் காட்டுகின்றன. கடைகளும் விளம்பரக்காரர்களும் உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் பொய் முகவரி மாறிவிடும், கல்லூரிக் கணக்கில் அது புதிய போன்.

எது பொய் முகவரி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் போன் தானாகத் தயாரித்தது. எங்களிடம் பதிவு செய்ய வருபவர்கள் இப்படிப்பட்ட எண்ணை எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கல்லூரி வைஃபைக்கு மட்டும், ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் ப்ரைவசி என்ற இடத்தில் ‘டிவைஸ் மேக்’ என்று மாற்றுங்கள். ஐபோனில் ப்ரைவேட் வைஃபை அட்ரஸ் என்பதை அணையுங்கள். ஐஓஎஸ் 18 முதல் ‘ஃபிக்ஸ்டு’ என்றும் ஒன்று இருக்கிறது, முகவரியைப் பதிவு செய்யத் தேவையில்லாத கல்லூரியில் அதுவே போதும். மற்ற இடங்களில் பொய் முகவரி அப்படியே இருக்கட்டும்.

சிக்னல் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் இந்த ஊரில். 1947இல் கலைக்கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி என்று அழகப்பச் செட்டியார் தொடங்கி வைத்த காலத்திலிருந்து காரைக்குடியில் கல்லூரிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன; பழைய கட்டடங்களின் சுவர்கள் இன்றைய ஹாலோ பிளாக் சுவர் மாதிரி இல்லை. ஹாஸ்டல் கிடைக்காமல் பழைய செட்டியார் வீடுகளில் அறை எடுத்துத் தங்கும் பையன்கள் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சோடு இரண்டடி தடிமன் சுவர், பர்மா தேக்குக் கதவு, சில வீடுகளில் தகரம் பொதிந்த மேல்தளம், பட்டாலை என்கிற கூடத்தில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியின் பின்பக்க உலோகப் பூச்சு வைஃபை அலையைத் திருப்பி அடித்துவிடும். முகப்பில் ரௌட்டரை வைத்தால் வளவு என்கிற உள்முற்றம் வரை வரும், அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டுக்குப் போனால் போச்சு.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு ஹாஸ்டல் மாடியில் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போட்டால் இந்த மூன்றுக்குள்தான் எல்லாம் முட்டிக்கொள்ள வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வைஃபை ஊர்கிறது என்று திட்டுபவர்களே பக்கத்து அறைக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அறையில் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது என்றால் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். நடைபாதையில்தான் பெட்டி மாட்டியிருக்கும், கதவு ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

டிவி ஸ்டிக் விஷயத்துக்கு நேர்மையான பதில்: விட்டுவிடுங்கள். இந்த மாதிரி ஸ்டிக்குகள் வீட்டுக்காகச் செய்தவை, பலவற்றில் யூசர்நேம் கேட்கும் இடமே கிடையாது. மேக் முகவரியைப் பதிவு செய்து எப்படியோ சேர்த்துவிட்டாலும், போனில் இருப்பதை டிவிக்கு அனுப்ப முடியாது. வளாக வைஃபையில் ஒரு கருவி பக்கத்துக் கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்போம். அது வேண்டுமென்றே செய்வது; இல்லாவிட்டால் ஒருவருடைய லேப்டாப்பில் புகுந்த வைரஸ் மாடி முழுக்கப் பரவும். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பை டிவியில் சொருகுங்கள், முடிந்தது.

அதற்காக வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து அறையில் உள்ள லேன் பாயின்ட்டில் மட்டும் சொருகிவிடாதீர்கள். வயரை ரௌட்டரின் லேன் ஓட்டையில் மாற்றிச் சொருகினால், அது அந்த மாடியில் உள்ள எல்லோருக்கும் தானே ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் வைஃபை சேர்ந்த மாதிரி இருக்கும், இணையம் வராது. சில கல்லூரிகளில் இந்த லேன் வயர்களெல்லாம் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் இதைத் தானாகக் கண்டுபிடித்து அந்த ஓட்டையையே மூடிவிடும். அதன் பிறகு அதைத் திறக்கச் சொல்லி நீங்கள்தான் எங்கள் அறைக்கு வர வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு நண்பர்களுக்குக் கொடுப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அவர்கள் செய்வதெல்லாம் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஏறும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். யாரோ செய்த வேலைக்கு உங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இஎஸ்பி32 போர்டு கொஞ்சம் மேல். அதற்கு என்டர்பிரைஸ் வைஃபையில் சேரத் தெரியும், அதற்கான நிரல் உதாரணங்களும் கிடைக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் என்பதால் அந்த இடத்தில் கல்லூரி 2.4ஐ அணைத்து வைத்திருந்தால் நெட்வொர்க் பெயரே கண்ணில் படாது. ஆனால் சேர முடியும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். உங்கள் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போர்டுக்குள் அப்படியே எழுத்தாக உட்கார்ந்திருக்கும். ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் மேசை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், யூஎஸ்பி கேபிள் வைத்திருக்கும் யாரும் அதைப் படித்துவிடலாம். பல கல்லூரிகளில் லேப் கருவிகளுக்கென்று தனி வைஃபை இருக்கும், மேக் முகவரியைப் பதிவு செய்து தனிப் பாஸ்வேர்டு தருவார்கள். கைடு கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டுங்கள்; வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்ப எவ்வளவு டேட்டா ஆகிவிடும்?

வைஃபை பட்டியலில் எடுரோம் என்று ஒரு பெயர் தெரிந்தால் அதையும் விசாரித்து வையுங்கள். அது உலகம் முழுக்க உள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது, இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கு இணைய வசதி தரும் எர்நெட் என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினர் என்றால், சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ இன்டர்ன்ஷிப் போனாலும் அங்கே எடுரோம் இருக்கும் வளாகத்தில் இதே யூசர்நேம் வேலை செய்யும். அங்கே யூசர்நேமோடு கல்லூரி டொமைனையும் சேர்த்து எழுத வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் இங்கேயே சேர்த்துப் பார்த்துவிடுங்கள்; அங்கே போய்த் தடுமாறினால் அங்குள்ளவர்களால் உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்க்க முடியாது, கேள்வி இங்கேதான் திரும்பி வரும். அமைப்பதற்கு கெட்எடுரோம் என்ற செயலி இருக்கிறது. மேலே சொன்ன சர்ட்டிஃபிகேட், டொமைன் வேலையையெல்லாம் அதுவே செய்துவிடும்.

இவ்வளவும் பார்த்து லேப்டாப் சேரவில்லை என்றால் நெட்வொர்க் பிரிவுக்குப் போங்கள். ‘வைஃபை வரல’ என்று மட்டும் சொன்னால் நாங்கள் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்றுதான் சொல்வோம். எந்தக் கட்டடம், எந்த மாடி, கடைசியாக எத்தனை மணிக்கு முயன்றீர்கள், யூசர்நேம், மேக் முகவரி, திரையில் வந்த செய்தியின் படம் இவற்றை எழுதிக் கொடுங்கள். ரேடியஸ் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடினால் பாஸ்வேர்டு தப்பா, கணக்குப் பூட்டியிருக்கிறதா, சர்ட்டிஃபிகேட்டை உங்கள் லேப்டாப்பே மறுத்துவிட்டதா என்று ஒரே வரியில் இருக்கும். கோரிக்கை அங்கே வந்து சேரவே இல்லை என்றால் கோளாறு எங்கள் பெட்டியிலோ வயரிலோ இருக்கிறது, நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். பாஸ்வேர்டை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். நாங்களே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.